வளைவில் காட்டிய வெள்ளைக் கொடி

தாம்வே, ரங்கூன்
1928 நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வணக்கத்துடன் எழுதுகிறேன். அப்பாவும் நானும் சௌக்கியம். நீயும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் உன் மாமியாரும் சௌக்கியந்தானே? கால் வீக்கம் வடிந்ததா? அத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுப் போகிறார். போன வாரம் என் மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அக்கா, அப்பா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். வெளிச்சம் அவர் முகத்தில் படாதபடி விளக்கைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பயமான செய்தி எதையும் எழுதக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறார். அம்மா இருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். இப்போது உன்னைவிட்டால் யாரிடம் சொல்வேன்?

நீ மோல்மீனுக்குக் கப்பல் ஏறும்போது நாய்ப் பந்தய மைதானத்தில் மூங்கில் சாரந்தான் நின்றது. இப்போது பந்தயமே தொடங்கிவிட்டது. நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகர வேலிக்கு அந்தப் பக்கம்தான் முதல் வளைவு. தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் எல்லாம் தெரியும்.

ஓடுதளத்தைச் சுற்றி ஒற்றைத் தண்டவாளம் போகிறது. அதன்மேல் மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டி. வண்டியிலிருந்து இரும்புக் கை ஒன்று தளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் முயல்தோல் பொம்மை. நாய்கள் அதைத்தான் துரத்துகின்றன. உயரமான மரக் கூண்டில் உட்கார்ந்து பிடியைத் திருப்பி அந்த வண்டியை ஓட்டுவது நம் அத்தான். டிராம் வேலையை விட்டுவிட்டு அவர் இதற்குத்தான் வந்தார் என்பது உனக்குத் தெரியும். அவரேதான் அப்பாவுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். வளைவில் திரும்பும்போது நாய்கள் மணலைப் பறித்துவிடுகின்றன. அடியில் கட்டாந்தரை. அப்பா ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து, கட்டையால் மணலை இழுத்துச் சமன் செய்துவிட்டு, வெளியே வந்து வெள்ளைக் கொடியைக் காட்ட வேண்டும். கொடியைப் பார்த்த பிறகுதான் கூண்டில் பிடியைத் திருப்பலாம். இது சட்டம். வாசலில் ஒட்டியிருக்கும் தாளை நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.

போன சனிக்கிழமை அப்பா உள்ளே குனிந்து மணல் இழுத்துக்கொண்டிருக்கும்போதே முயல் வந்துவிட்டது. கொடி அவர் இடுப்பில் செருகியபடி இருந்தது. சத்தம் கேட்டு ஓடுதள வேலியைத் தாண்டி விழுந்து தப்பினார். அக்கா, கூண்டில் இருந்தது அத்தான்.

பதிலை வீட்டுக்காரி டோ மியாவின் மொகிங்கா சாப்பாட்டுக் கடை விலாசத்துக்கு அனுப்பு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

உன் தங்கை
தைலம்மாள்


மோல்மீன்
1928 நவம்பர் 21

பிரியமுள்ள தைலத்துக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அத்தை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்கிறார். தேயிலை ஊறுகாய் கண்ட இடத்திலெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. பிறக்கப்போவது பர்மாக்காரப் பிள்ளைதான் என்று அத்தை சிரிக்கிறார்.

நீ சின்னப் பெண். தகர ஓட்டையில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். உன் அத்தான் டால்ஹௌசி தெருவில் அத்தனை சந்தடியில் டிராம் ஓட்டியவர். ஒரு காக்கையைக்கூட அடித்ததில்லை. மாமனார் நிற்கிற இடத்தில் பார்க்காமல் வண்டியை விடுவாரா? நீ வேலிப் பக்கம் போகாதே. பாடத்தைப் படி. அப்பாவின் இருமலுக்குத் துளசிக் கஷாயம் கொடு.

இப்படிக்கு
ஆண்டாள்


தாம்வே
1928 நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. உனக்குத் தேயிலை ஊறுகாய் கட்டி அனுப்ப டோ மியா சரி என்றிருக்கிறார்.

நீ பார்க்க வேண்டாம் என்றாய். நான் பார்க்காவிட்டாலும் சத்தம் வருகிறது. முதலில் ஓர் ஓட்டத்துக்கு ஆறு நாய்தான். ஆறுக்கு மேல் விடக் கூடாது என்று அதே தாளில் இருக்கிறது. இப்போது எட்டு விடுகிறார்கள். கூட்டம் எழுந்து போய்விடக் கூடாதென்று ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலிருந்த நேரத்தையும் மானேஜர் குறைத்துவிட்டார். அப்பா மணலை இழுத்து முடிக்க முடிவதில்லை. எட்டும் ஒரே இடத்தில் திரும்பும்போது ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பந்தயம் தொடங்கியதிலிருந்து கால் முறிந்த நாய்களில் முக்கால்வாசிக்கு நம் வளைவில்தான் முறிந்தது என்று உதுமான் பாய் சொல்கிறார். நாய்க் கொட்டடியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவர் மைனா என்று கூப்பிட்ட பழுப்பு நாய் சனிக்கிழமை விழுந்தது. பின்னங்கால் தொங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கொட்டடிக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அதற்கு முன்பே இன்னொரு நாயும் அங்கே விழுந்திருந்தது. ஒரே வளைவில் இரண்டு விழுந்தால் பந்தயத்தை நிறுத்தி வளைவைச் சோதிக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் உண்டு. யாரும் நிறுத்தவில்லை. நடுவர் துரை முன்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். வளைவுப் பக்கம் அவர் நடந்து வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். இப்போதாவது பேசுவார்கள் என்று நான் தட்டைக் கழுவுகிறவள்போல் பக்கத்திலேயே இருந்தேன்.

"மாப்பிள்ளை, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கிடுங்க" என்றார் அப்பா.

"போதும் மாமா."

"நேத்து வண்டி ஓட்டம் பிரமாதம்னு சனமெல்லாம் பேசிக்கிடுது."

"வளைவுல மணல் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க மாமா."

"இருந்துச்சு மாப்பிள்ளை."

அவ்வளவுதான். அத்தான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் போன பிறகு, "ஏம்பா அவர்கிட்டக் கேக்கல?" என்றேன்.

"பொண்ணக் குடுத்துட்டு மாப்பிள்ளைய நிக்க வச்சுக் கேள்வி கேக்கச் சொல்றியா? அவரு வாங்கிக் குடுத்த வேலை. அவருக்கு என்ன நெருக்கமோ."

"உங்க காலு போயிருச்சுன்னா?"

"போகாது. படு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ ஒரு வார்த்தை அத்தானுக்கு எழுதேன்.

உன்
தைலம்


தாம்வே
1928 டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? டோ மியாவிடம் தினமும் கேட்கிறேன். தபால்காரன் உன் மாப்பிள்ளையா என்று கேலி செய்கிறார்.

நேற்று மணல் இழுக்கும் கட்டையை முயலின் கை அடித்தது. கட்டை இரண்டாக முறிந்து ஒரு பாதி நம் கூரைமேல் வந்து விழுந்தது. அப்பா ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் அது கட்டையாக இருந்திருக்காது. ஆபீசில் விசாரித்தார்கள். கொடி காட்டிய பிறகு தான்தான் கட்டையை மறந்து உள்ளே வைத்துவிட்டதாக அப்பா சொல்லிவிட்டார். அவர் கொடி காட்டவே இல்லை. நான் பார்த்தேன்.

கட்டையின் பாதியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பயத்துடன்
தைலம்


மோல்மீன்
1928 டிசம்பர் 18

தைலத்துக்கு,

அக்கா ஆசீர்வாதம். நான் நலம். மாதம் நெருங்கிவிட்டதால் அத்தை என்னை அதிகம் உட்காரவிடுவதில்லை.

உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். முதலில் அவருக்கு எழுதிக் கேட்டேன். அவர் எழுதியதை உனக்கு மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் பெரிய விளக்குகள் போட்ட நாளிலிருந்து கூண்டிலிருந்து பார்த்தால் வளைவுப் பக்கம் ஒரே வெள்ளை வெளிச்சமாம். அப்பாவும் தெரிவதில்லை, கொடியும் தெரிவதில்லை. மானேஜரிடம் சொன்னாராம். கண் சரியில்லாதவன் இறங்கிக்கொள்ளலாம், ஏறி உட்கார ஆள் இருக்கிறது என்றாராம். அதனால் அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டு, இந்நேரம் மாமா வெளியே வந்திருப்பார் என்று பிடியைத் திருப்புகிறாராம். திருப்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறார். இதை மாமனாரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்கிறார்.

தைலம், நீ இதை யாரிடமும் சொல்லாதே. டிராம் வேலையும் இனிக் கிடைக்காது. கண் தெரியாதவர் என்று பெயர் வந்துவிட்டால் ரங்கூனில் யார் சேர்ப்பார்கள்? பிள்ளை பிறக்கும் வரைக்கும் பொறு. அப்பாவைச் சீக்கிரமாக வெளியே வந்துவிடச் சொல். ஏன் என்று சொல்லாமல் சொல்.

ஆண்டாள்


தாம்வே
1928 டிசம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும். மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்குப் போட்டேன்.

நீ சொன்னபடியே சொன்னேன்.

"அப்பா, மணல பாதியிலயே விட்டுட்டு வெளிய வந்துருங்களேன்."

"பாதியில விட்டா நாய் காலை ஒடிச்சுக்கிடும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"கொடி காட்டுறதுக்கு முந்தியே வண்டி வருதே."

"ஏதோ ஒரு நாள் அவசரத்துல வந்திருக்கும். மாப்பிள்ளை பாக்காம விடமாட்டாரு. அவரு கண்ணு கழுகுக் கண்ணு."

அக்கா, அந்தச் சொல்லைக் கேட்டதும் உண்மை வாய் வரை வந்துவிட்டது. உன்னை நினைத்து விழுங்கிவிட்டேன். அப்பா கொடியை நம்புகிறார். அத்தான் எண்ணிக்கையை நம்புகிறார். இரண்டும் பொய் என்று தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். உனக்கு நடுவில் கடல் இருக்கிறது. எனக்குத் தகரம் மட்டும்தான்.

என் பழைய வெள்ளைப் பாவாடையைக் கிழித்துக் கொடியோடு சேர்த்துப் பெரிதாகத் தைத்தேன். பெரிதாக இருந்தால் ஒருவேளை தெரியுமில்லையா? அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு, "இதென்னடி, பாய்மரமா?" என்று சிரித்தார். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார்.

வருஷப் பிறப்புக்குப் பெரிய பந்தயம். கவர்னர் லாட்சாகிபின் ஆபீஸ் துரைமார்கள் எல்லாம் வருகிறார்களாம். அன்றைக்கு இன்னும் வேகமாக நடத்துவார்கள்.

தைலம்


ரங்கூன்
1929 ஜனவரி 2

அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பந்தயத்தில் முயலின் கை அப்பாவை அடித்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பின்னால் வந்த நாய்கள் அவர் மேலேயே விழுந்தன. வாய்க்கூடு போட்டிருந்ததால் கடிக்கவில்லை. உதுமான் பாய்தான் வேலி தாண்டி வந்து தூக்கினார். நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கொடி சுருட்டியபடியே அவர் கையில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அத்தான் இரவெல்லாம் வராந்தாவில் நின்றார், உள்ளே வரவில்லை. ஆள் அடிபட்டுவிட்டதால் நடுவர் துரையே நாளை மறுநாள் வந்து விசாரிக்கிறார். மானேஜர் அப்பாவின் தமிழை இங்கிலீஷில் சொல்லத் தன் குமாஸ்தாவை அனுப்புவதாகச் சொன்னார். எம் பொண்ணு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல படிக்கிறவ, அவளே சொல்லட்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டார். துரை சரி என்றுவிட்டாராம்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் கொடியக் காட்டிட்டேன். வாளிய எடுக்க மறுபடி உள்ள போனேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. இத அப்படியே இங்கிலீசுல சொல்லணும். அக்கா வாழ்க்கைடி."

நான் என்ன செய்ய அக்கா? நீ பதில் எழுதி அது வந்து சேருமுன் நான் சொல்லி முடித்திருப்பேன். தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

தைலம்


மோல்மீன்
1929 ஜனவரி 3

என் கண்ணான தைலத்துக்கு,

நீ சித்தியாகிவிட்டாய். திங்கட்கிழமை விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதே. அத்தைக்குப் பேரன் இல்லையென்று கொஞ்சம் வருத்தம். ஆனால் பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிடமாட்டேன் என்கிறார். காது அப்பாவுக்கு இருப்பதுபோல விடைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொல், உங்கள் காதைப் பேத்தி கொண்டுவந்துவிட்டாள் என்று.

அவருக்குத் தந்தி போயிருக்கும். பத்து நாளில் வரச் சொல்லியிருக்கிறேன். பார்த்தாயா, பொறுத்துக்கொள் என்று சொன்னேன், நாள் ஓடியே போய்விட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும். பெரிய கொடி தைத்தாயே, கெட்டிக்காரி.

அக்கா
ஆண்டாள்


ரங்கூன்
1929 ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் குழந்தைக்கும் நான் கும்பிடும் தெய்வம் துணை. உன் கடிதம் இன்றுதான் வந்தது. காது விஷயத்தைச் சொன்னதும் அப்பா வலியோடு சிரித்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

துரை கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். மானேஜர் நின்றுகொண்டிருந்தார். அத்தான் வாசற்படியில் நின்றார். கொடி காட்டினாயா என்று துரை கேட்டார். காட்டினேன் என்றார் அப்பா. அப்பா காட்டியதாகச் சொல்கிறார் என்றேன் நான். ஓட்டுகிறவன் அதைப் பார்த்தானா என்றார். "மாப்பிள்ளை பாத்துத்தான் விட்டாரு" என்றார் அப்பா. அதையும் சொன்னேன். வாளியைப் பற்றியும் சொன்னேன். ஒரு சொல் மாற்றவில்லை அக்கா.

துரை எழுந்துவிட்டார். ஐயா, இதுவரை அப்பாவின் சொல், இனி என் சொல் என்று இங்கிலீஷில் சொன்னேன். கூண்டிலிருந்து பார்த்தால் கொடி தெரியாது, விளக்குப் போட்டபின் நீங்கள் ஒருநாள் ஏறிப் பாருங்கள் என்றேன். மானேஜர் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. இன்றைக்கே பார்க்கிறேன் என்றார்.

"என்னடி சொன்ன? நான் சொன்னதவிட நீளமா இருக்கே" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

அன்று பந்தயம் இல்லை. விளக்கையெல்லாம் போட்டார்கள். வளைவில் யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தது. நான் நிற்கிறேன் என்றேன். நான் தைத்த கொடியைக் கொண்டுபோயிருந்தேன். அப்பா விழுந்த இடத்தில் மணல் இன்னும் கருப்பாக இருந்தது. அதில் காலை வைத்து நின்றேன். துரையும் மானேஜரும் அத்தானும் கூண்டில் ஏறினார்கள். பிடியைத் தொடமாட்டேன் என்று அத்தான் எனக்குச் சத்தியம் செய்திருந்தார். ஆனாலும் தண்டவாளம் பக்கத்திலேயே கிடந்தது. அது லேசாக அதிர்வதுபோல எனக்கு இருந்தது. எனக்குக் கூண்டு தெரிந்தது. கொடியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். பார்த்தால் கூண்டிலிருந்து விசில் ஊதுவதாக ஏற்பாடு. விசில் வரவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினேன். கொஞ்சம் குதித்துக்கூடப் பார்த்தேன். விசில் வரவில்லை. இவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறேன், என்னை யாரும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுப் பயமும் வந்தது. அப்பா தினமும் இங்கேதான் நின்றார்.

கடைசியில் அத்தான் தளத்தின் வழியாகவே நடந்து வந்தார். என் கையிலிருந்து கொடியை வாங்கினார்.

"போதும். இறக்கு."

"இவ்வளவு பெரிய கொடி அத்தான்."

"தெரியல தாயி. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தத் தடவை உள்ளே வந்து, அப்பாவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கட்டிலில் கையூன்றி நிமிர்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை."

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

பிறகு அப்பா என்னிடம், "மாப்பிள்ளைக்கு நாற்காலி போடு" என்றார்.

அக்கா, இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பந்தயத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளக்குகளை மாற்றும்படி துரை உத்தரவு போட்டிருக்கிறார். கொடியைப் பார்க்காமல் வண்டியை விட்டது சட்டத்துக்கு விரோதம் என்று அத்தானை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மானேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார்.

என்னை வெறுத்துவிடாதே.

தைலம்


தாம்வே
1929 ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று பார்த்தேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. கால் கூடி வருகிறது, ஆனால் குட்டையாகிவிட்டது. அத்தான் மோல்மீனுக்குக் கப்பலேறும்போது என்னிடம் நன்றாகத்தான் பேசினார். நீ மட்டும் பேசவில்லை.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

தைலம்


மோல்மீன்
1929 பிப்ரவரி 9

தைலத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவின் கால் வலி எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் எழுதியதை நீ கேட்கவில்லை என்ற கோபம். கைப்பிள்ளையோடு என் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டாய் என்று அத்தையிடம் சொல்லி அழுதேன். அவர் வந்து இறங்கிய அன்று, தைலம் உங்களைக் கெடுத்துவிட்டாளே என்றேன்.

அவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். "அவ சொல்லலேன்னா நான் அடுத்த சனிக்கிழமையும் கண்ண மூடிக்கிட்டு எண்ணியிருப்பேன்" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொடி தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பிள்ளை பிறக்கும் வரை பொறு என்றேன். அப்பாவின் காலை வைத்து நாள் கடத்தியிருக்கிறேன். இத்தனை வாரமும் இதை எழுதக் கை வரவில்லை.

ரங்கூன் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருக்கும் சிரியம் எண்ணெய் ஆலையில் அவருக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள். பங்குனியில் வருவோம். படகு ஏறினால் நீ வந்துவிடலாம். பெயர் பவுனம்மாள், நம் அம்மாவின் பெயர். வேறு என்ன வைப்போம்?

உன் அக்கா
ஆண்டாள்


தாம்வே
1929 மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வணக்கம். பவுனம்மாளுக்கு ஒரு முத்தம். அப்பா கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். நீங்கள் வரும் நாளை அத்தானை எழுதச் சொல்.

பந்தயம் மறுபடி தொடங்கிவிட்டது. விளக்குகளுக்கு மூடி போட்டிருக்கிறார்கள். கொடியோடு இப்போது மணியும் உண்டு. வளைவில் நிற்பவர் வெளியே வந்து மணியடித்த பிறகுதான் முயல் புறப்பட வேண்டும். அப்பா இடத்தில் இப்போது நம் சந்திலிருக்கும் பழனியப்பன் நிற்கிறார். முதலில் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான் புத்தகத்தை மூடிவிட்டு மணிக்காகக் காத்திருப்பேன். மணி கேட்டதும் மூச்சு வரும். அப்பாவும் அதையேதான் செய்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நாய்கள் திரும்பவும் எட்டாகிவிட்டன. நேரத்தையும் திரும்பக் குறைத்துவிட்டார்கள். துரை ஊருக்குப் போயிருக்கிறாராம்.

நேற்று மூன்றாவது ஓட்டத்துக்கு மணி அடிக்கவில்லை. தண்டவாளத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பழனியப்பன் தப்பிவிட்டார். ஒரு நாய் விழுந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், படு என்பார் என்று நினைத்தேன்.

"தைலம், பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்தா" என்றார்.

கோலை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தகர வேலியில் சாய்ந்து நின்றார். ஓட்டையில் என்னைக் கண் வைக்கச் சொன்னார். "பழனியப்பன் உள்ள நிக்கும்போது வண்டிச் சத்தம் வந்தா என் தோளத் தட்டு."

அடுத்த ஓட்டத்துக்கும் மணி அடிக்கவில்லை. பழனியப்பன் குனிந்திருந்தார். தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. நான் அப்பாவின் தோளைத் தட்டினேன். அக்கா, அப்பா அடித்த அடி சந்து முழுக்கக் கேட்டது. பழனியப்பன் கட்டையை எறிந்துவிட்டு வேலி தாண்டினார். வண்டி வெறும் மணல் மேல் போயிற்று. முன்மண்டபத்தில் சனம் எழுந்து நின்றது.

ஆபீஸ் ஆள் ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்து கத்தினான். "யாருய்யா அங்க தட்டுறது? மானேஜரு கேக்குறாரு."

அப்பா தகரத்தில் வாயை வைத்துச் சொன்னார். "அய்யாசாமி. முந்தி வளைவுல நின்னவன். மணி அடிக்கலேன்னா நாளைக்கும் தட்டுவேன், போயிச் சொல்லு."

வீட்டைக் காலி செய்யச் சொல்லி டோ மியாவிடம் ஆள் அனுப்புவார்களோ என்று எனக்குப் பயம். கொஞ்ச நேரத்தில் டோ மியாவே வந்தார். தட்டு கீறல் விட்டுவிட்டதைப் பார்த்தார். திரும்பிப் போய், தன் சாமி மாடத்தில் தொங்கும் வெண்கல மணியைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் பின்வாசலில் மாட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த பந்தயம்.

இந்தக் கடிதத்துக்கு நான் விளக்கை டின்னுக்குள் வைக்கவில்லை. அப்பா விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். "எல்லாத்தையும் எழுதிட்டியா? தட்டு கீறல் விட்டதையும் எழுது" என்கிறார்.

எழுதிவிட்டேன்.

உன் தங்கை
தைலம்மாள்